கெட்டில் 100% எஃபிசியன்ட்னு புக்குல இருக்கு, பொண்ணு அளந்தா 86 தான் வருது, மீதி எங்க போச்சு?

தூக்கமில்லா அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா, ஆற்றல் மாற்றம் பாடத்துக்கு வீட்டுல எதையாவது அளந்து எழுதிட்டு வாங்கனு சொல்லிருக்காங்க, நாங்க ரெண்டு பேரும் எலக்ட்ரிக் கெட்டில எடுத்தோம். தராசுல சரியா 1 கிலோ தண்ணி, தெர்மாமீட்டர்ல 25 டிகிரி, கெட்டில் அடியில ஒட்டியிருக்கிற லேபிள்ல 1500 வாட். ஸ்விட்ச போட்டதுல இருந்து அதுவா டக்குனு ஆஃப் ஆகுற வரைக்கும் 4 நிமிஷம் 5 செகண்ட், போன் ஸ்டாப்வாட்ச்ல பார்த்தது.

அவ போட்ட கணக்கு: தண்ணி வாங்கினது 1 × 4200 × 75, அதாவது 315 கிலோஜூல். கெட்டில் இழுத்தது 1500 × 245, அதாவது 367.5 கிலோஜூல். வகுத்தா 85.7 சதவீதம். ஆனா புக்குல "ஹீட்டர் போன்ற சாதனங்கள்ல மின்னாற்றல் முழுக்க வெப்பமா மாறுது, பயனுறுதிறன் ஏறக்குறைய 100"னு இருக்கு. 52 கிலோஜூல் எங்க போச்சுனு கிளாஸ்ல கேட்டிருக்கா, "வெப்ப இழப்பு"னு ஒத்த வார்த்தையில முடிச்சிட்டாங்க. வீட்டுக்கு வந்து என்கிட்ட கேக்குறா, "வெப்பத்த உண்டாக்குறதுதானே இந்த மிஷினோட வேலையே, அதுல வெப்பமே எப்படிம்மா இழப்பாகும்?" எனக்கு பதில் தெரியல, போய் தூங்கு காலையில பேசலாம்னு சொல்லி தப்பிச்சேன்.

இன்னும் ரெண்டு இருக்கு. போன பரீட்சையில ரூம் ஹீட்டர்ல வீணாகும் ஆற்றல் எதுனு ஒரு கேள்வி, இவ "எதுவும் வீணாகாது"னு எழுதி மார்க் போச்சு. அது தப்பா? அப்புறம் ஒரு ஏசி விளம்பரத்துல ஹீட்டிங் மோட்ல 400% எஃபிசியன்சினு போட்டிருந்தான், அதப் பார்த்ததுல இருந்து "ஆற்றல ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாதுனு மனப்பாடம் பண்ணதெல்லாம் பொய்யா"னு ஒரே ரகளை. யாராவது பொறுமையா சொன்னா புண்ணியமா போகும்.

---

சும்மா_வந்தவன்:

சிம்பிள் மேடம். கெட்டில் உய்ய்ய்னு கத்துதுல்ல, அந்த சவுண்ட் எனர்ஜிதான் மிச்சம். எக்ஸாம்ல அப்படி எழுதினா ஃபுல் மார்க்.

---

சாக்பீஸ் தூசி:

மேல சொன்ன தம்பி, கோச்சுக்காதீங்க, நானும் பல வருஷம் போர்டுல அப்படித்தான் எழுதி போட்டிருக்கேன், ஆனா அது சரியில்ல. நாம சாதாரணமா பேசும்போது வாயில இருந்து வெளிய போற ஒலியோட பவர் ஒரு வாட்ல லட்சத்துல ஒரு பங்கு அளவுதான். கெட்டில் அதவிட நூறு மடங்கு கத்துதுனே வச்சாலும் 245 செகண்டுல கால் ஜூல் வரும். காணாம போனது 52 ஆயிரம் ஜூல். அந்தக் கால் ஜூலும் சுவத்துல பட்டு வெப்பமாத்தான் முடியும்.

அம்மா, உங்க பொண்ணு கணக்குல தப்பே இல்ல, தப்பு அந்த லேபிள்ல. 1500 வாட்ங்கிறது அந்த லேபிள்லயே சொல்லியிருக்கிற வோல்டேஜ் சரியா வந்தாத்தான். கெட்டில் காயிலோட ரெசிஸ்டன்ஸ் பெருசா மாறாது, அதனால பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும். 230 வோல்ட்னு லேபிள் இருந்து வீட்டுக்கு 220தான் வந்தா, வோல்டேஜ் குறைஞ்சது 4 சதவீதம்தான், பவர் 8 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிடும். உங்க 52 கிலோஜூல்ல பாதி அந்த கெட்டிலுக்குள்ளயே வந்திருக்காதுனு நினைக்கிறேன். உள்ள வராதது எப்படி தொலையும்? பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவுல சொருகுற வாட்மீட்டர் ஒண்ணு கிடைக்கும், யார்கிட்டயாவது இருந்தா கடன் வாங்கி பாருங்க. மல்டிமீட்டர் கம்பிய சாக்கெட்டுக்குள்ள விட்டு பார்க்குற வேலை மட்டும் பிள்ளைய பண்ண விடாதீங்க.

மீதி பாதிதான் நிஜ இழப்பு, அதுக்கும் முகவரி இருக்கு. ஒண்ணு, கெட்டிலோட உடம்பு. தண்ணியோட சேர்ந்து அந்த ஸ்டீலும் 75 டிகிரி ஏறுதுல்ல, ஸ்டீலுக்கு கிலோவுக்கு டிகிரிக்கு 500 ஜூல் கிட்ட வேணும், பாத்திரம் மட்டும் கால் கிலோ இருந்தா அதுக்கே 9 கிலோஜூல் ஆச்சு. ரெண்டாவது பலருக்கும் தோணாது, கெட்டில் 100 டிகிரி ஆன உடனே ஆஃப் ஆகாது. ஆவி கிளம்பி ஒரு சின்ன வழியா போய் ரெண்டு உலோகம் சேர்த்து ஒட்டின தகட்ட சூடாக்கி அது வளைஞ்சாத்தான் ஸ்விட்ச் விழும், அதுக்கு ஆறு ஏழு செகண்ட் ஆகும், அந்த நேரத்துல போற 9, 10 கிலோஜூலும் ஆவியா மாத்துறதுக்கே செலவாகுது, தெர்மாமீட்டர் ஒரு டிகிரி கூட ஏறாது, உள்ளுறை வெப்பம் பாடத்துல படிச்சிருப்பா. மூணாவது, வெளிய காத்துக்கு போறது.

இப்ப பொண்ணோட அசல் கேள்விக்கு வரேன், வெப்பம் எப்படி இழப்பாகும்னு கேட்டா பாருங்க, அருமையான கேள்வி, அந்தக் கிளாஸ்ல அரை மணி நேரம் பேசியிருக்கணும். இயற்கைக்கு இழப்புங்கிற வார்த்தையே கிடையாது, 367ஓ 340ஓ உள்ள போனது ஜூல் பாக்கி இல்லாம எங்கயோ இருக்கு. "பயன்"னு முடிவு பண்றது நாமதான். உங்களுக்கு தண்ணி சூடாகணும், அதனால தண்ணிக்குள்ள போனது பயன், பாத்திரத்துக்கு போனது வீண். அதே கெட்டில குளிர் ரூம்ல ரூம சூடாக்க வச்சிருந்தா எல்லாமே பயன், 100 சதவீதம். புக்கு சொல்றது மின்சாரம் வெப்பமா மாறுறத, உங்க பொண்ணு அளந்தது அந்த வெப்பத்துல தண்ணிக்கு போனத. ரெண்டும் வேற வேற கோடு போட்டு எண்ணினது, ரெண்டுமே சரி. அதனால ரூம் ஹீட்டர் கேள்வியில அவ எழுதினத நான் திருத்தியிருந்தா மார்க் போட்டிருப்பேன், பக்கத்துல "எங்க வரைக்கும் எண்ணினே?"னு ஒரு கேள்வியும் எழுதியிருப்பேன். ஜன்னல் வழியா வெளிய போறது ஹீட்டரோட குத்தமா ஜன்னலோட குத்தமா?

---

ஷிப்ட்முடிச்சவன்:

சாக்பீஸ் சார் கோடுனு சொன்னாருல்ல, அந்தக் கோட்ட கொஞ்சம் பின்னாடி தள்ளி போட்டு பாருங்க, கதையே மாறும். நான் நிலக்கரி பவர் பிளான்ட்ல வேலை பார்க்கிறேன், டர்பைன சுத்தி முடிச்ச ஆவிய குளிர வச்சு திரும்ப தண்ணியாக்குற கண்டென்சர் பக்கம்தான் என் பொழுது போகுது.

500 மெகாவாட் யூனிட் ஒண்ண எடுத்துக்கங்க. 500 வெளிய அனுப்ப பாய்லர்ல எரியுறது 1400 மெகாவாட் அளவுக்கு நிலக்கரி. அதாவது 36 சதவீதம் கிட்ட. சிம்னியில கொஞ்சம் போகும், பம்பு ஃபேனுக்கு நாங்களே கொஞ்சம் தின்போம், ஆனா பெரிய பங்கு, கரண்ட்டா போறத விட அதிகமா, கண்டென்சர்ல குளிர் தண்ணிக்கு போயிடுது. செகண்டுக்கு 15, 16 டன் தண்ணி, ஒரு செகண்டுக்குதான் சொல்றேன், உள்ள வந்து பத்து டிகிரி சூடாகி வெளிய போகுது. முதல் தடவை அந்தக் குழாய் பக்கத்துல நின்னப்ப இவ்வளவு வெப்பத்தையும் எதுக்கு தூக்கி போடுறாங்க, திருப்பி பாய்லருக்கே விட்டா என்னனு கேட்டேன், சீனியர் சிரிச்சாரு.

விட முடியாது, அதான் விஷயம். 1824லயே கார்னோங்கிற பிரெஞ்சு இன்ஜினியர் சொல்லிட்டாரு, வெப்பத்துல இருந்து வேலை எடுக்கணும்னா சூடான பக்கம் ஒண்ணு, குளிர்ந்த பக்கம் ஒண்ணு வேணும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம்தான் உச்சவரம்பு. எங்க ஆவி 540 டிகிரி, கண்டென்சர் 45 டிகிரி. 273 கூட்டி கெல்வின்ல சொன்னா 813, 318. 1ல இருந்து 318/813ஐ கழிச்சா 61 சதவீதம், கடவுளே வந்து டர்பைன் கட்டினாலும் அதுக்கு மேல கிடையாது. நிஜத்துல ஆவிக்கு வெப்பம் எல்லாமே 540லயே ஏறுறதில்ல, உராய்வு கசிவுனு எல்லாம் இருக்கு, அதான் 36 ஆகுது. கேஸ் டர்பைனோட ஸ்டீம் டர்பைனையும் கோர்த்து ஓட்டுற பிளான்ட்ல 60க்கு மேலயும் தொடுறாங்க, அங்க எரியுற இடத்துல சூடு ரொம்ப அதிகம்ங்கிறதால. அணு உலை 33 பக்கம், கிலோ யுரேனியம்-235ல 80 லட்சம் கோடி ஜூல் இருந்தும், ஆவியோட சூடு எங்களதவிட கம்மி.

இப்ப மேடம் வீட்டு கெட்டில். நிலக்கரியில 100 ஜூல், பிளான்ட்ட தாண்டி 36, கம்பியில போய் 33, அதுல தண்ணிக்கு போனது 30. அதே தண்ணிய கேஸ் அடுப்புல வச்சா தீயில 40, 50 சதவீதம் பாத்திரத்துக்கு போகும், மத்தது பக்கவாட்டுல ரூமுக்கு. கெட்டில் 90, அடுப்பு 45னு மட்டும் எழுதினா கெட்டில் ஜெயிக்கும், சுரங்கத்துல இருந்து எண்ணினா அடுப்பு ஜெயிக்கும். புக்குல ஆற்றல் மூலங்கள் தனி பாடம், ஆற்றல் மாற்றம் தனி பாடம்னு பிரிச்சு வச்சதாலதான் இந்தக் கேள்வியே பிள்ளைங்களுக்கு வர மாட்டேங்குது.

---

காத்தாடி_குமாரு:

அண்ணே நிலக்கரி 36ங்கிறீங்க, சோலார் பேனல் 20 தானே, அப்ப சோலார் மட்டமா? எங்க காலேஜ்ல ஒருத்தன் டெய்லி இதச் சொல்லியே சண்டைக்கு வரான். காத்தாலைக்கும் காத்துல வர்ற ஆற்றல்ல 59.3 சதவீதத்துக்கு மேல எடுக்க முடியாதுனு பெட்ஸ் லிமிட் இருக்காம்.

---

ஷிப்ட்முடிச்சவன்:

அவன்கிட்ட கேளு, மீதி 80 எங்க போச்சு, யாரோட பாக்கெட்ல இருந்து போச்சுனு. பேனல் இல்லனாலும் அந்த வெயில் அந்த மொட்ட மாடிய சூடாக்கிட்டுத்தான் இருந்திருக்கும். நான் வீணாக்குற 64 நிலக்கரி தோண்டி எடுத்தது, எரிச்சாச்சு, இனி வராது, புகை மட்டும் மேல நிக்கும். ரெண்டு சதவீதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பார்க்குறதே தப்பு. சோலார்ல 20ங்கிறது இடத்தோட கேள்வி. உச்சி வெயில் நேரா அடிச்சா சதுர மீட்டருக்கு 1000 வாட், பேனல் 200 தரும், மேடம் கெட்டில் ஒண்ண ஓட்ட ஏழரை சதுர மீட்டர் வேணும், அவ்வளவுதான் அந்த 20க்கு அர்த்தம். பெட்ஸும் அப்படித்தான், காத்த முழுக்க நிறுத்திட்டா பின்னாடி வர்ற காத்து போக இடமிருக்காது, அதனால கொஞ்சத்த விட்டுத்தான் ஆகணும். அத எரிபொருள் வீணானதா எண்ணக்கூடாது.

தண்ணியில ஓடுற டர்பைனுக்கு கார்னோ பிரச்சினையே இல்ல, அது வெப்ப இயந்திரம் கிடையாது, 90 சதவீதம் அசால்ட்டா வரும். ஆனா ஒரு டன் தண்ணி 367 மீட்டர் விழுந்தாத்தான் 1 யூனிட், அதாவது 36 லட்சம் ஜூல், அதுவும் ஒரு சொட்டு இழப்பு இல்லாம. கம்பியில போற இழப்ப விட்டுட்டு கெட்டிலுக்கு போட்டு பார்த்தேன்: 100 மீட்டர் உயர அணையில இருந்து கிட்டத்தட்ட 385 லிட்டர் தண்ணி விழுந்தா மேடம் வீட்டுல 1 லிட்டர் கொதிக்கும். இத பொண்ணுகிட்ட சொல்லுங்க, மூஞ்சிய பார்க்கணும்.

---

கம்ப்ரஸர்_காதலன்:

ஏசி கேள்விய யாரும் தொடவே இல்லையே, அது நம்ம டிபார்ட்மென்ட்.

அக்கா, விளம்பரக்காரன் பொய் சொல்லல, ஆனா "எஃபிசியன்சி"ங்கிற வார்த்தைய போட்டதுதான் குறும்பு. நாங்க அத சி.ஓ.பி.னு சொல்வோம், அதாவது இழுத்த கரண்ட்டப் போல எத்தனை மடங்கு வெப்பம் ரூமுக்குள்ள வருதுங்கிற கணக்கு, சதவீதத்துல சொல்ல மாட்டோம், 4னு மட்டும் சொல்வோம். ஹீட்டர் வெப்பத்த உண்டாக்குது, 1 ஜூல் கரண்ட்டுக்கு 1 ஜூல் வெப்பம். ஏசி ஹீட்டிங் மோட்ல உண்டாக்குறதே இல்ல, வெளிய இருக்கிற வெப்பத்த வாரிட்டு வந்து உள்ள கொட்டுது. 1 ஜூல் கரண்ட் கம்ப்ரஸருக்கு, 3 ஜூல் வெளிக்காத்துல இருந்து, ரூமுக்குள்ள 4. கூட்டி பாருங்க, 1+3=4, விதி அப்படியே நிக்குது. அந்த 3ஐ பில்லுல யாரும் எழுதல, அதான் 400.

வெளிய 5 டிகிரி குளிர்ல எங்கடா வெப்பம் இருக்குனு கேப்பாங்க. 5 டிகிரிங்கிறது 278 கெல்வின், நமக்குத்தான் குளிர், உள்ள ஓடுற கேஸ அதவிட குளிரா வச்சா வெளிக்காத்து அதுக்கு வெப்பம் கொடுத்துத்தானே ஆகணும். அப்புறம் கம்ப்ரஸர் அத அமுக்கும், சூடு ஏறும், ரூமுக்குள்ள கொட்டும். வீட்டு ஃப்ரிட்ஜ் பின்னாடி கைய வச்சு பார்க்க சொல்லுங்க, கதகதனு இருக்கும், அது உள்ள இருந்து எடுத்த வெப்பமும் மோட்டார் இழுத்த கரண்ட்டும் சேர்ந்தது. அதே ஐடியாவ வீட்ட சூடாக்க பயன்படுத்தலாம்னு 1852லயே வில்லியம் தாம்சன் எழுதிட்டாரு, கெல்வின் அளவுக்கு பேரு கொடுத்தாரே அவரேதான்.

ஷிப்ட் அண்ணனோட கார்னோ கணக்க தலைகீழா திருப்பினா இதுக்கும் உச்சவரம்பு கிடைக்கும். உள்ள 293, வெளிய 278னா 293ஐ வித்தியாசம் 15ஆல வகுங்க, 19.5. நிஜத்துல 3, 4 தான் கிடைக்கும், ஏன்னா கேஸுக்கும் காத்துக்கும் நடுவுலயும் வெப்பநிலை வித்தியாசம் இருந்தாத்தான் வெப்பம் நகரும், கம்ப்ரஸரும் சும்மா வேலை செய்யாது. வெளிய குளிர் கூடக் கூட இந்த 4 இறங்கிட்டே போகும், அத விளம்பரத்துல பொடி எழுத்துல போட்டிருப்பான்.

இன்னொண்ணு, நிலக்கரி கரண்ட் 33தான் வீட்டுக்கு வருதுனு அண்ணன் அழுதாருல்ல, அத 3 இல்ல 4ஆல பெருக்குங்க, 100க்கு 100 திரும்பி வந்துடுது, சில நாள் மேலயே போகும். கண்டென்சர்ல தொலைச்சத ஏசி வெளிக்காத்துல இருந்து மீட்டு தருது.

---

சாக்பீஸ் தூசி:

கடைசி வரி அழகா இருக்கு, ஆனா அம்மா, பொண்ணு அத அப்படியே எக்ஸாம்ல எழுதிடப் போறா, அது வேற வெப்பம். அங்க தொலைஞ்சது அங்கயே தொலைஞ்சதுதான்.

இன்னொரு விஷயம், "மின்னாற்றல் வெப்ப ஆற்றலா மாறுது"னு எழுதுற பழக்கத்த இப்ப சில பாடத்திட்டத்துல விட்டுட்டாங்க. ஆற்றல் எங்க சேமிப்பா இருக்கு, எந்த வழியா நகருதுனு பிரிச்சு எழுத சொல்றாங்க. மின்சாரம் சேமிப்பு இல்ல, அது ஒரு வழி. நிலக்கரியும் ஆக்ஸிஜனும் இருக்கிற வேதிச் சேமிப்புல இருந்து, கம்பி வழியா, தண்ணியோட வெப்பச் சேமிப்புக்குனு எழுதினா நாம இங்க பேசினது முழுக்க ஒரே வரியில வந்துடும். ஆனா அவங்க ஸ்கூல்ல எது கேக்குறாங்களோ அதையே எழுதட்டும், மார்க்குக்கு சண்டை போட வேணாம்.

---

தூக்கமில்லா அம்மா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. வாட்மீட்டர் ஒருத்தங்ககிட்ட இருந்து வாங்கிட்டோம், நேத்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சுடுதண்ணி போட்டதுதான் வேலை.

சாக்பீஸ் சார், நீங்க சொன்னதேதான்! மீட்டர்ல 1390 வாட் பக்கத்துலயே நின்னுச்சு, 1500 ஒரு தடவை கூட காட்டல. 1390 × 245 போட்டா 340.5 கிலோஜூல், 92.5 சதவீதம். 52 காணோம்னு கத்திட்டு இருந்தவ இப்ப 25தான்மா காணோம்கிறா. கொதிக்க ஆரம்பிச்சதுல இருந்து ஸ்விட்ச் விழுற வரைக்கும் தனியா எண்ணினோம், 7 செகண்ட், அது கிட்டத்தட்ட 10. பாத்திரம் 9. மிச்சம் 6தான் காத்துக்குனு ஒரு கணக்கு எழுதிருக்கா, கெட்டில் சுவத்த தொட்டு பார்த்து "ஆமா சுடுது"னு அதுக்கு பக்கத்துல நிரூபணம்னு வேற எழுதியிருக்கா.

அப்புறம் அவளே அரை லிட்டர் வச்சு பார்க்கலாம்னா. 2 நிமிஷம் 10 செகண்ட். தண்ணிக்கு 157.5, மீட்டர்ல 180.7, 87 சதவீதம்தான். ஏன் குறைஞ்சதுனு நான் யோசிக்கிறதுக்குள்ள "தண்ணிதான் பாதி, பாத்திரம் பாதியாகலையே"னு சொல்லிட்டா. ஆனா அதுக்காக தேவையில்லாம ஃபுல்லா நிரப்பினா எஃபிசியன்சி மட்டும்தான் ஏறும், கரண்ட்டும் கூடத்தான் போகும்னு கீழ ஒரு குறிப்பு.

385 லிட்டர் கணக்க சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பல்லு விளக்கும்போது வந்து "அப்ப இன்னிக்கு ஆறு தடவை கொதிக்க வச்சோமேம்மா"ன்னா.

இப்ப அடுத்தது மூடிய திறந்து வச்சு கொதிக்க விட்டு எவ்வளவு குறையுதுனு பார்க்கணுமாம். பண்ணலாமா?

---

சாக்பீஸ் தூசி:

பண்ணலாம், ஆனா நீங்க பக்கத்துலயே நில்லுங்க. மூடி திறந்திருந்தா ஆவி மேல போயிடும், அந்தத் தகட்டுக்கு போகாது, தானா ஆஃப் ஆகாது. தெர்மாமீட்டர் 100 தொட்ட உடனே நீங்கதான் கையால அணைக்கணும். அப்படி அணைச்சா அந்த 7 செகண்ட் செலவு இருக்காது பாருங்க, அதனால மூடி இருந்தப்ப வந்த நம்பரோட அப்படியே ஒப்பிடக்கூடாது. அத அவளே கண்டுபிடிக்கிறாளானு பாருங்க, முன்னாடியே சொல்லிடாதீங்க.